பெயரிடும் அதிகாரமும் பெற்றோரின் மனுவும்

சொற்களைப் பின்தொடர்ந்து போனால் அதிகாரத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் இது. 'சிறப்புக் கல்வித் தேவை' என்ற சொற்றொடரையே எடுத்துக்கொள்வோம். கருணையின் மொழிபோலத் தோன்றும் இதற்கு அடியில், இங்கிலாந்தில் பெற்றோர்கள் நடத்திய நெடுங்காலச் சண்டை ஒன்று புதைந்து கிடக்கிறது.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி என்று பிரகடனம் செய்தது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவோ, பள்ளியில் கல்வி பெற இயலாத குழந்தைகளைக் கண்டறிந்து, 1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டத்தின் கீழ் ஒப்படைத்துவிடச் சொன்னது. அதற்குப்பின் அந்தக் குழந்தை மாணவர் இல்லை; கல்வித்துறைக்கு அதனிடம் எந்தப் பொறுப்பும் இல்லை. 'எல்லோரும்' என்ற சொல் தனக்குள்ளேயே ஒரு வெளியேற்றத்தை வைத்துக்கொண்டு பிறந்தது. உள்ளே நிறுத்தப்பட்டவர்களையும் 1945ஆம் ஆண்டின் விதிகள் 11 வகைகளாகப் பிரித்தன. அவற்றில் ஒன்று 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்'.

1946இல் ஜூடி ஃப்ரைட் என்ற தாய் 'நர்சரி வேர்ல்ட்' என்ற பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். என் மகளைப் போன்ற குழந்தைகள் உள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள் என்பதுதான் அதன் சாரம். கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து உருவான பெற்றோர் சங்கம்தான் இன்று மென்கேப் என்ற பெயரில் இயங்குகிறது. பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதி ஒரு இயக்கத்தின் முதல் கூட்டமாக மாறியது என்பதைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். தனித்தனி வீடுகளில் அவமானமாக இருந்தது எழுத்தின் வழியாக அரசியலானது. 'கல்விக்கு ஏலாதவர்' என்ற பகுப்பை ஒழிக்கும் சட்டம் 1970இல்தான் வந்தது. 1971 ஏப்ரலில் நடைமுறையானது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதற்குள் வளர்ந்தே போனார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெற்றிக்கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே 1971இல் கிரனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மேற்கிந்தியக் குழந்தைகளை பிரிட்டிஷ் பள்ளிகள் எப்படி 'இயல்புக்குக் குறைந்தோர்' ஆக்குகின்றன என்பது அதன் பொருள். வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் மொழியிலும் பழக்கத்திலும் அமைந்த சோதனையில் கறுப்புக் குழந்தை தோற்கிறது. அந்தத் தோல்வி குழந்தையின் மூளைக்குறைவாகப் பதிவாகிறது. கறுப்பினப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளிலிருந்து மீட்கப் போராடினார்கள். சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாங்களே நடத்தினார்கள்.

ஒரு சாரார் உள்ளே விடு என்று கதவைத் தட்டுகிறார்கள். இன்னொரு சாரார் அந்த முத்திரையே வேண்டாம் என்கிறார்கள். ரெண்டு பேரும் கேட்டது ஒன்றையேதான் என்பது என் வாதம்: என் குழந்தை யார் என்பதை நீ தனியாக உட்கார்ந்து எழுதாதே.

1978இல் மேரி வார்னக் தலைமையிலான குழு, பழைய வகைகளைக் கைவிட்டு 'சிறப்புக் கல்வித் தேவை' என்ற கருத்தை முன்வைத்தது. ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதாவது அது இருக்கும் என்றது. குறை குழந்தையிடமிருந்து தேவைக்கு இடம்பெயர்ந்தது, சரி. ஆனால் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேவையை ஓர் ஆவணமாக்கியது. ஆவணம் வந்ததும் அதற்காக அலைவதும் வந்தது. 2005இல் வார்னக்கே அந்த ஏற்பாட்டைக் கடுமையாக விமர்சித்தார். 2014இல் சட்டம் மாறி ஆவணத்தின் பெயர் மாறியது, அலைச்சல் மாறவில்லை. 2022-23இல் தீர்ப்பாயம் முடிவு சொன்ன மேல்முறையீடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல், ஏதோ ஒரு அளவிலாவது, முறையிட்டவர்களுக்கே சாதகமாயின. அப்படியென்றால் முதலில் மறுத்தது எதற்கு? முறையிடத் தெரியாத, நேரமில்லாத, ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் மறுப்போடு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதாலா?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. உதவி வேண்டுமென்றால் தாய் தன் பிள்ளையால் முடியாதவற்றை மட்டும் பட்டியல்போட்டு எழுத வேண்டும். 'பாட்டு கேட்டா சிரிப்பான்' என்பதற்கு அந்தப் படிவத்தில் மதிப்பெண் கிடையாது. நேசத்தைக் குறையின் மொழியில் மொழிபெயர்த்தால்தான் உரிமை கிடைக்கும் என்றால், அது உரிமைதானா?

அதற்காகப் பெயர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரில்லாத தேவைக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது. பெயரை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 1946இல் ஒரு தாய் அதைக் கையில் எடுத்தார். அந்தக் கடிதம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.