ஜனாஸா வாகனத்துக்கு முன் 1990

என் வாப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்த இரவு வீட்டில் எல்லோரும் சொன்னது, “வாய்வு”. இஞ்சிப் பிளேன்டீ கொடுத்தோம். முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது ஒரு மணித்தியாலம் கடந்திருந்தது. வழியிலேயே வபாத்தானார்.

வைத்தியசாலைக்கு வருமுன் நிகழும் இத்தகைய மரணங்களே வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர இருதய வைத்தியர் பிராங்க் பான்ட்ரிட்ஜையும் உறுத்தின. மாரடைப்பு மரணங்களில் பெரும்பகுதி ஆரம்ப மணித்தியாலங்களிலேயே நிகழ்கிறது என்றால், வார்டுக்குள் இருக்கும் கருவியால் என்ன பயன்? 1965இல் அவரும் சகாக்களும் கார் பெட்டரியில் இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவியொன்றைச் செய்தனர். எடை சுமார் 70 கிலோ! மறுவருடம் அது வைத்தியருடன் அம்பியூலன்ஸில் வீதிக்கு வந்தது. 1967இல் அவரும் ஜோன் கெடிஸும் ‘லான்செட்’ சஞ்சிகையில் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் அமெரிக்காவில் வைத்தியரின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வந்தனர்.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. நாமோ இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். முன்னதில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. ஆள் பேசிக்கொண்டுகூட இருப்பார். பின்னதில் நினைவிழந்து, மூச்சு நின்றுவிடும். அப்போது நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். எதுவும் செய்யாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது.

வாப்பாவின் காலத்தில் ‘சுவசெரிய’ இல்லை. 2016இல் தொடங்கிய அச்சேவை, 1990ஐ அழைத்தால் இலவசமாக வருகிறது. எங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலோ ஜனாஸா வாகனத்தின் இலக்கம் மட்டுமே இருக்கிறது. கடந்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகத்திடம் பேசினேன். 1990ஐயும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.