இருப்புப்பாதை எழுதிய வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் மட்டுமே எழுதப்படுவதில்லை. ஓட்டுக் கூரையும் மரத் தூண்களும் உடைய சிற்றூர் இரயில் நிலையமும் வரலாற்றின் ஓர் ஏடேயாகும். அவ்வேட்டைப் படிக்கத் தெரியாதவர் அதனைப் பழங்கட்டடம் என்பர். படிக்கத் தெரிந்தவரோ அதனைப் பாரம்பரியம் என்பர். ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்துள்ள குளுவாங் நகரமும் அதனையொட்டிச் செல்லும் இருப்புப்பாதையும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றுகளாகும்.

ஜொகூரில் இருப்புப்பாதை முதலில் மூவாரில்தான் தோன்றியது. பண்டார் மகாராணியிலிருந்து பாரிட் ஜாவாவுக்குச் சென்ற அச்சிறு பாதை 1890ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கி 1920களில் மறைந்தது. மாநிலத்தையே ஊடறுத்துச் செல்லும் பெரும்பாதைக்கு 1904ஆம் ஆண்டு உடன்படிக்கை வழிவகுத்தது. சுல்தான் இப்ராஹிம் ஆட்சிக்காலத்தில், கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 120 மைல் நீளமுள்ள பாதை அமைக்கப்பட்டு, 1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் நீரிணை வரை தொடர்ச்சியாகப் பயணம் செய்யும் வாய்ப்பு அன்றே கிட்டியது. நீரிணையின் மீது பாலம் அமைந்து 1923ஆம் ஆண்டில் இரயில்கள் ஓடத் தொடங்கியதும், சிங்கப்பூரும் அத்தொடரில் இணைந்தது.

குளுவாங் என்னும் பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது. வௌவால்கள் வாழ்ந்த காட்டிடையே இருப்புப்பாதை முந்தி வந்தது; 1915ஆம் ஆண்டளவில் நடு ஜொகூரின் நிர்வாகத் தலைமையிடமாக நகரம் பிந்தி எழுந்தது. ஊருக்காக நிலையம் அமைவது உலக வழக்கு. இங்கோ நிலையத்தைச் சூழ ஊர் வளர்ந்தது. ஆதலின் இத்தகைய நிலையம் ஊரின் பிறப்புச் சான்றிதழை ஒத்தது எனலாம். சிகாமட், லாபிஸ், பாலோ, ரெங்கம், கூலாய் முதலிய ஊர்களின் வளர்ச்சியும் இப்பாதையோடு பின்னிப் பிணைந்ததே.

தமிழர்க்கு இந்நிலையங்கள் மேலும் நெருங்கியவை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கிய தொழிலாளர் பலர், இருப்புப்பாதை வழியாகவே ரப்பர்த் தோட்டங்களை அடைந்தனர். கப்பலிலிருந்து கரை காட்டிய வாயில் துறைமுகமெனின், வாழ்வு தொடங்கிய வாயில் சிற்றூர் நிலையமேயாகும். பாதையைப் பேணிய கூலிகளுள் தமிழர் மிகுதியாயிருந்தனர்; அலுவலகங்களிலும் நிலைய அதிபர் பதவியிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் பொறித்த பலகைகள் மலாயா நிலையங்களில் விளங்கின. எழுத்தறிவு குறைந்த அக்காலத்தில், அயல்நாட்டில் தம் தாய்மொழி எழுத்தைப் பொதுவிடத்தில் கண்ட எளிய மக்களுக்கு அப்பலகை எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

ஆறுதல் அளித்த அதே பாதை பின்னர்த் துயரத்தையும் சுமந்தது. சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்கென மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தபோது, பல்லாயிரவர் பெயரும் கல்லறையுமின்றி மடிந்திருந்தனர். சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு அவர் சென்ற வழியில் இருந்த நிலையங்களே, திரும்பி வாராத பலர்க்குத் தம் உற்றாரைப் பிரிந்த இடங்களாயின. இறந்தோர்க்கு நினைவுக்கல் இல்லாதபோது, அவர் ஏறிச் சென்ற நடைமேடையன்றோ நினைவுக்கல்!

துன்பத்தை மட்டுமன்று, கலந்து வாழ்ந்த வாழ்வையும் நிலையங்கள் காத்து வந்தன. 1938ஆம் ஆண்டில் ஹைனானியச் சீனர் குடும்பம் ஒன்று குளுவாங் நிலையத்தில் தொடங்கிய காப்பிக்கடை, தலைமுறைகளைக் கடந்து புகழ்பெற்றது. வண்டிக்குக் காத்திருந்த மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே இடத்தில் காப்பி அருந்தி, வாட்டிய ரொட்டி உண்ட காட்சி, இந்நாட்டின் ஒருமைப்பாட்டிற்கு எழுதப்படாத இலக்கணமாகும்.

எனினும் காலம் நிற்பதில்லை. கிம்மாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே 192 கிலோமீட்டர் தூரத்திற்கு மின்மயமான இரட்டைப் பாதை அமைக்கும் பணி 2018ஆம் ஆண்டில் தொடங்கியது. புதிய நிலையங்கள் எழுந்தன. 2025ஆம் ஆண்டில் மின் இரயில்கள் சிகாமட்டையும் பின்னர்க் குளுவாங்கையும் எட்டின. ஒற்றைப் பாதைக்கென அமைந்த தாழ்ந்த நடைமேடைகள் இவ்விரைவு வண்டிகளுக்குப் பொருந்தா என்பதை மறுப்பதற்கில்லை. மக்களுக்கு நல்ல போக்குவரத்து வேண்டும். அதனைத் தடுத்துப் பழமையைப் போற்றுவது அறிவுடைமையன்று. ஆனால், பயன் முடிந்த கட்டடத்தை இடித்தே தீரவேண்டுமா என்பதுதான் வினா.

அவ்வினாவிற்கு அண்டை நாடு விடை கூறியுள்ளது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாருக்கு மலாயா இரயில்வேயின் போக்குவரத்து 2011ஆம் ஆண்டில் நின்றபோது, 1932ஆம் ஆண்டின் அந்நிலையம் தேசியச் சின்னமாக்கப்பட்டது. அந்நகரப் பெருநிலையம் காக்கப்பட்டதில் வியப்பில்லை. புக்கித் தீமாவின் சின்னஞ்சிறு செங்கல் நிலையமும் பாதுகாக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் மக்கள் கூடும் இடமாகத் திறக்கப்பட்டதே நாம் கருதத்தக்கது. ஜொகூர் பாருவின் பழைய நிலையமும், 2010ஆம் ஆண்டில் புதிய நிலையம் திறக்கப்பட்ட பின்னர் இடிக்கப்படாது விடப்பட்டது.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கின்றது. ஆயின் பதிவேட்டில் இடம்பெற்றவற்றிற்கே சட்டம் முழுக்காவலாகும். கோலாலம்பூர், ஈப்போ நிலையங்களின் மாடங்கள் எவர் கண்ணையும் ஈர்க்கும். அவற்றிற்காகப் பேசுவோர் பலர். சிற்றூர் நிலையத்திற்காகப் பேச அவ்வூராரே முன்வர வேண்டும். பேசுவதற்குச் சான்று வேண்டும். சான்றோ முதியோரின் நினைவிலும், பழைய புகைப்படங்களிலும், தோட்டத்து வீடுகளின் தகரப் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றது.

எனவே தமிழாசிரியர்கள் மாணவரை நிலையங்களுக்கு அழைத்துச் செல்லலாம். கட்டடத்தின் கூரையையும் தூணையும் அளந்து வரைவதோடு, தாத்தா பாட்டியர் எந்நிலையத்தில் வந்திறங்கினர், எவரை வழியனுப்பினர் என்று கேட்டு எழுதச் செய்யலாம். கட்டடம் நிலைத்தால் அவ்வெழுத்து அதற்கு விளக்கவுரையாகும். ஒருகால் கட்டடம் மறைந்தாலும் வரலாறு மறையாது. தண்டவாளத்திற்குச் சல்லி கொட்டிய கைகளின் பெயர்களை எந்தப் பதிவேடும் காக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளேனும் அதனைக் காத்தல் கடமையாகும்.