குடும்ப மருத்துவர் எப்படி உருவாகிறார்?

அரியாலையில் ஒருவருக்குச் சலரோகம், பிரஷர், நித்திரையின்மை என்று மூன்று வருத்தங்கள் இருந்தால், கண்டி வீதியில் பஸ் ஏறி யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போவார். அங்கே அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளினிக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. ஒரு கிளினிக்கில் தந்த மருந்து மற்றதில் தந்த மருந்தோடு ஒத்துப்போகுமா என்று முழு ஆளையும் வைத்துப் பார்க்க ஒருவர் தேவை. அந்த ஒருவரைப் பயிற்றுவிக்கும் துறைதான் குடும்ப மருத்துவம்.

இலங்கையில் எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு ஒரு வருட உள்ளகப் பயிற்சியையும் முடித்து, மருத்துவப் பேரவையில் பதிந்த ஒருவர் டிஸ்பென்சரி நடத்தலாம். குடும்ப மருத்துவத்தில் தனிப்பயிற்சி கட்டாயமில்லை. புலம்பெயர்ந்த நம் உறவினர்கள் பார்க்கும் மருத்துவர்களின் கதை வேறு. கனடாவில் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு 2 வருட வதிவிடப் பயிற்சி இல்லாமல் குடும்ப மருத்துவராக முடியாது. பிரித்தானியாவில் 2 வருட அடிப்படைப் பயிற்சிக்கு மேல் இன்னும் 3 வருடம்.

இங்கே விரும்புவோருக்கு வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் நடத்துகிறது. எம்.டி. பரீட்சையில் தேறிய பிறகும் மேலதிகப் பயிற்சி முடித்தே விசேட வைத்திய நிபுணர் ஆகலாம்.

பயிற்சியின் பெரும்பகுதி சுழற்சி முறையில் நடக்கும்: பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், தோல், கண், காது மூக்கு தொண்டை. ஆனால் இவர் அங்கே படிக்கப் போவது, அந்தந்தத் துறை நிபுணராக வரப்போகிறவர் படிப்பதை அல்ல. குழந்தைகள் விடுதியை எடுத்துக்கொள்வோம். டெங்குக் காய்ச்சலில் சூடு குறையும் நேரத்தில்தான் ஆபத்துத் தொடங்கலாம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று தாய் நிம்மதியாகும் அந்த நாளில், எந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், எந்தப் பிள்ளையை உடனே அனுப்ப வேண்டும் என்ற கண் அவருக்கு வர வேண்டும். மகப்பேற்று விடுதியிலும் அப்படித்தான். கர்ப்ப காலத்தில் சீனி கூடிய தாய்க்குப் பிள்ளை பிறந்து ஆறு வாரமளவில் மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டுக்குப் போன தாய்க்கு அதை நினைவூட்டும் வேலை விடுதிக்கு வெளியே உள்ளவருடையது.

மனநலச் சுழற்சி நம் மக்களுக்கு மிக முக்கியமானது. போரின் மனவடுக்கள் இங்கே பெரும்பாலும் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் உடல் உளைவாகவுமே வந்து நிற்கின்றன என்பதை, போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுத்தில் பதிந்திருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் நெஞ்சு நோகிறது என்று வந்தால், மகனைப் பற்றிக் கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்கவும் வேண்டும். கவலைதான் என்று முடிவுகட்டி மாரடைப்பைத் தவறவிடுவதும் பிழையே.

பாடநூலில் அதிகம் இல்லாத பாடங்களும் இங்கே உண்டு. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பமுன் அதைக் கேட்டறிந்து எழுதிவிட வேண்டும். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவருக்குச் சலரோகமும் வந்தால், மிஞ்சிய காலின் பாதத்தை ஒவ்வொரு வருகையிலும் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சுழற்சிகளை விடக் கடினமானது, ஒரே குடும்பத்தை வருடக்கணக்கில் பார்க்கும் பயிற்சி. விடுதியில் நோயாளி சில நாளில் போய்விடுவார்; மருந்தைப் பிறகு குடித்தாரா, விட்டாரா என்று தெரியாது. கொண்டாவிலில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் குடும்ப சுகாதார நிலையம் போன்ற இடங்களின் பெறுமதி இதில்தான் இருக்கிறது. போர் முதலில் அறுத்ததும் இந்தத் தொடர்ச்சியைத்தான். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் கண்டி வீதியால் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது, வைத்தியரும் நோயாளியும் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். குடும்பத்தின் பழைய வருத்தங்களை அறிந்தவர் என்று சொல்ல ஒருவர் பல வீடுகளுக்கு இல்லாமல் போனார்.

படித்தவர் ஊரில் நிற்பாரா என்பது இன்னொரு கேள்வி, பழைய கேள்வியுங்கூட. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடமே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலைக்கு வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமங்களில் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனதைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

பயிற்சி நடக்கும் நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. முதலில் பார்ப்பவர் பயிற்சி மருத்துவராக இருக்கலாம். அவருக்கு மேலே பொறுப்பான வைத்தியர் ஒருவர் இருப்பார். அவர் நிறையக் கேட்பார், நேரம் எடுக்கும். எல்லாக் கிளினிக் கொப்பிகளையும், குடிக்கும் மருந்துகளையும் (சித்த மருந்து, பரியாரியார் தந்த எண்ணெய் உட்பட) ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய காயங்கள், உடம்பில் உள்ள ஷெல் துண்டுகள், எந்த ஆண்டில் எங்கே சத்திரசிகிச்சை நடந்தது என்பவற்றையும் அவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.