யூபிலி மணியும் ஒரு நாட்டின் பிறந்தநாளும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விரிசல் கண்ட வெண்கல மணி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை நம் வாசகருள் பலர் படங்களில் பார்த்திருப்பர். அம்மணியின் மேற்புறத்தில் பொறிக்கப்பட்டிருப்பது அரசியல் தலைவர் ஒருவரின் கூற்றன்று. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தினின்று எடுத்த சொற்கள். ஐம்பதாம் ஆண்டைத் தூயதாக்கி, நாட்டில் வாழும் அனைவருக்கும் விடுதலையை முழங்கக் கட்டளையிடும் யூபிலிப் பகுதி அது. பென்சில்வேனியச் சட்டமன்றம் 1751-இல் இம்மணியை வார்க்கப் பணித்தது. அக்குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென் 1701-இல் வழங்கிய உரிமைச் சாசனம் அவ்வாண்டில் ஐம்பதை எட்டியிருந்தது. இவ்வசனம் தெரிந்தெடுக்கப்பட்டது அதனாலேயே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

ஆக, நாட்டின் சின்னமாகிவிட்ட அந்த மணியே ஓர் ஆண்டுவிழாவின் நினைவுப் பொருள்தான். ஆயினும் 'விடுதலை மணி' என்னும் பெயர் அதற்கு உடனே அமைந்துவிடவில்லை. அடிமை முறையை எதிர்த்தவர்களே 1830-களில் அப்பெயரை நாடறியச் செய்தனர். யூபிலி ஆண்டில் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும். கைமாறிய நிலம் உரியவரை அடைய வேண்டும். இவ்வசனத்தை மணியில் எழுதிவைத்துக்கொண்டு மனிதரை விற்கிறோமே என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. யூபிலி ஆண்டு கணக்குத் தீர்க்கும் ஆண்டு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1776 ஜூலை 4-இல் விடுதலைப் பிரகடனம் செய்த அந்நாட்டிற்கு 2026 ஜூலை 4-இல் அகவை 250. இத்தகைய ஆண்டுகளில் அக்கணக்கைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

1876-இன் நூற்றாண்டு விழாவில் அதற்கு இடமே இல்லை. பிலடெல்பியாவில் மே முதல் நவம்பர் வரை நடந்த பொருட்காட்சியில் மாபெரும் கார்லிஸ் நீராவி எஞ்சின் ஓடியது. கிரகாம் பெல்லின் தொலைபேசி முதன்முறையாகப் பலர் காண வைக்கப்பட்டது. கண்டவர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். தொடக்க நாளன்று, அடிமைத்தளையினின்று தப்பி வந்து நாடறிந்த நாவலராய் உயர்ந்திருந்த பிரெடரிக் டக்ளஸ் மேடைக்கு அழைக்கப்பட்டிருந்தார். வாயிலில் காவலர் அவரைத் தடுத்தனர். செனட் உறுப்பினர் ஒருவர் தலையிட்டபின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. மேடையில் இருக்கை கிடைத்தது. பேச அழைப்புக் கிடைக்கவில்லை. ஜூலை 4 அன்று சூசன் பி. அந்தோணி அம்மையாரும் உடன் வந்த பெண்களும் விழாவின் நடுவே எழுந்து சென்று, தலைமை வகித்தவர் கையில் பெண்கள் உரிமைப் பிரகடனத்தைக் கொடுத்தனர். பின்னர் வெளியே வந்து, கூடியிருந்தோர்முன் அதனை உரக்கப் படித்தனர். அவ்விழாவில் நம் நினைவில் நிற்க வேண்டியவை, நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத இவைதாம்.

நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிலைமை சற்று மாறியிருந்தது. 1965-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால் கலைகளுக்கென ஒன்றும், வரலாறு, இலக்கியம், மெய்யியல் முதலிய மானுடப் புலங்களுக்கென ஒன்றுமாக இரண்டு தேசிய நிதி நிறுவனங்கள் தோன்றின. அவற்றின் கிளைகள் போல மாநிலந்தோறும் அமைப்புகள் எழுந்தன. கலைக் குழுக்கள் பெரும்பாலும் மாநில அரசின் துறைகள். மானுடப் புல மன்றங்களோ 1970-களில் தோன்றிய தன்னார்வ அமைப்புகள். நடுவண் அரசின் பணத்தைப் பெறும், ஆயினும் அரசின் அலுவலகங்கள் அல்ல. பணம் கொடுப்பவன் ஒருவன், கேள்வி கேட்பவன் மற்றொருவன் என்னும் இந்த ஏற்பாடு வியப்புக்குரியதே. இன்று அத்தகைய மன்றங்கள் 56 உள்ளன.

1976-இன் இருநூறாம் ஆண்டு விழாவிலும் ஆரவாரத்திற்குக் குறைவில்லை. 'விடுதலைத் தொடர்வண்டி' ஒன்று 48 மாநிலங்களைச் சுற்றியது. அரசியலமைப்புச் சட்டத்தின் வாஷிங்டன் வைத்திருந்த படியும், நடிகை ஜூடி கார்லண்டின் உடையும், குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியரின் காற்சட்டையும் ஒரே வண்டியில் பயணம் செய்தன. வாணிகம் மிகுந்துபோகவே, ஆங்கிலத்தில் விழாவின் பெயரைச் சற்றே திரித்து 'வாங்கும் ஆண்டு விழா' என்று எள்ளினர் பலர். ஆனால் அதே வேளையில் வேறொரு பணியும் நடந்தது. தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிராங்கைட் கூறிய யோசனைப்படி, 1975 செப்டம்பர் முதல் 1976 மே வரை மாதம் ஒரு பொருள் என வகுத்து, நாடெங்கும் நூலகங்களிலும் கல்லூரிகளிலும் மக்கள் விவாதிக்க ஏற்பாடாயிற்று. மாநிலத்துக்கு ஒன்றும் தலைநகருக்கு ஒன்றுமாக 51 வரலாற்று நூல்கள் எழுதுவிக்கப்பட்டன. கலை நிதி நிறுவனம் ஆறு இசைக்குழுக்களுக்காகப் புதிய படைப்புகளுக்குப் பொருளுதவி செய்தது. அவற்றுள் ஒன்றான ஜான் கேஜின் 'அபார்ட்மெண்ட் ஹவுஸ் 1776'-இல் புராட்டஸ்டாண்டு, யூத, செவ்விந்திய, கறுப்பின மரபுகளைச் சார்ந்த நால்வர் தத்தம் பாடல்களை ஒருங்கே பாடினர். கேட்டோரில் பலர் பாதியிலேயே எழுந்து சென்றனர். எழுந்து சென்றவர்களை நாம் பழிக்க மாட்டோம். பிறந்தநாளில் பழகிய பாட்டைக் கேட்க விரும்புவது இயல்பே. ஆனால் ஒரு நாட்டின் பாட்டு ஒன்றல்ல என்று அரசுப் பணத்திலேயே சொல்லப்பட்டது கவனிக்கத்தக்கது.

இவ்வழியில் வந்தவற்றுள் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது மாசச்சூசெட்ஸ் மாநில மன்றம் 2009 முதல் ஆதரித்து வரும் ஒரு பழக்கம். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் டக்ளஸ் ஓர் உரை நிகழ்த்தினார். ஜூலை 4 கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்பது அவ்வுரையின் பொருள். நாட்டை நிறுவியோரின் துணிவை முதலில் மனமாரப் போற்றிவிட்டு, அவர்கள் பிள்ளைகளின் பாசாங்கைச் சுட்டெரிக்கும் உரை அது. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஊர்த் திடல்களிலும் நூலகங்களிலும் கோவில்களிலும் மக்கள் கூடி அதனைப் பகுதி பகுதியாக, ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படிக்கின்றனர். நடிகர் ஒருவர் முழுவதையும் பேசினால் நாம் கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். இங்கோ வெள்ளையர் ஒருவர் தம் முன்னோரைச் சாடும் பத்தியைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பத்தி, அடிமைகளின் வழிவந்த ஒருவருக்கு வாய்க்கலாம். நம் ஆலயங்களில் வாசகம் வாசிக்கும் பொதுநிலையினர் இவ்வனுபவத்தை அறிவர்: கேட்கும்போது கடந்துபோகும் சொல், நாமே வாசிக்கும்போது நம்மேல் வந்து விழும்.

நம் திருச்சபைக்கும் இக்கணக்கில் ஓர் ஏடு உண்டு. பிரகடனத்தில் கையொப்பமிட்ட 56 பேரில் கத்தோலிக்கர் ஒருவரே: மேரிலாண்டைச் சேர்ந்த சார்லஸ் காரல். கத்தோலிக்கர் என்பதாலேயே வாக்குரிமையும் பதவியும் மறுக்கப்பட்ட மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். கையொப்பமிட்டோரில் கடைசியாக, 1832-இல் இறந்தவரும் அவரே. தம் சமயத்தாருக்கு விடுதலை தேடிய அப்பெருமகனின் தோட்டங்களில் அடிமைகள் நூற்றுக்கணக்கில் உழைத்தனர். டக்ளஸ் அடிமையாகப் பிறந்ததும் அதே மேரிலாண்டில்தான். காரலைப் பெருமையோடு நினைவுகூர்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

250-ஆம் ஆண்டை நோக்கி மன்றங்கள் பல திட்டங்களை வகுத்திருந்த வேளையில், 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அவற்றுக்குரிய நடுவண் நிதி திடீரென நிறுத்தப்பட்டது. அம்மாதமே இரு தேசிய நிறுவனங்களும் சேர்ந்து 3 கோடியே 40 இலட்சம் டாலரை நாட்டு வீரர்களின் சிலைப் பூங்காவிற்கு ஒதுக்குவதாக அறிவித்தன. சிலை ஒன்றுக்கு 2 இலட்சம் டாலர் வரை. திட்டமிடப்பட்டவை 250 சிலைகள். அப்பட்டியலில் டக்ளஸ், சூசன் அந்தோணி ஆகியோர் பெயர்களும் உண்டு! சிலைகளை நாம் வெறுப்பவர்கள் அல்லர். புனிதர்களின் சுரூபங்களின்முன் வளர்ந்தவர்கள்தாமே நாம். ஆயினும் 1876-இல் மேடையில் பேசாமல் அமர்த்தப்பட்டவரை, மீண்டும் பேசாத உருவமாக நிறுத்துவதற்கும், அவர் உரையை ஊரார் படிப்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

மெல்லன் என்னும் தனியார் அறக்கட்டளை 1 கோடியே 50 இலட்சம் டாலர் தந்து மன்றங்களைத் தாங்கியது. அரசுப் பணமின்றித் தனியார் கொடையிலேயே வாழ்வது மேல் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெரு நகரங்களுக்குக் கொடையாளர் கிடைப்பர். ஆயிரம் பேர் வாழும் சிற்றூரின் நூலகத்திற்கு யார் வருவார்? ஆரிகன் மாநில மன்றமும் மன்றங்களின் கூட்டமைப்பும் வழக்குத் தொடுத்தன. சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தை நிறுத்துவது சட்டத்துக்குப் புறம்பானதாகத் தோன்றுகிறது என்று கூறி, 2025 ஆகஸ்டில் நடுவண் நீதிமன்ற நீதிபதி இடைக்காலத் தடை வழங்கினார். அதற்கு ஒரு மாதம் முன்னரே, நிதி நின்றுபோயிருந்த அந்தக் கோடையிலும், மாசச்சூசெட்ஸ் ஊர்களில் மக்கள் தாள்களைக் கையில் பிடித்து வரிசையில் நின்று டக்ளஸின் உரையைப் படித்தனர்.