பிறப்பு வகுத்த பணியும் வாக்கு வகுத்த ஆட்சியும்

ஜப்பான் என்றதும் திருக்கோணமலையிலுள்ள நமக்கு நினைவுக்கு வருவது 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதியாகும். அன்று அந்நாட்டு விமானங்கள் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. ஆயின், அந்நாட்டின் பழைய சமுதாய அமைப்பை நாம் கற்கப் புகும்போது, நம் கோணேசர் கோயிலின் பழைய வரலாறே கண்முன் தோன்றுகின்றது.

தொக்குகாவா மரபினர் ஜப்பானை ஆண்ட காலத்தில் (1603–1868) வாளேந்திய சாமுராய் வீரர் மேல்நிலையில் இருந்தனர். அவர்க்குக் கீழ் உழவர், கைவினைஞர், வணிகர் என மக்கள் வரிசைப்படுத்தப்பட்டனர். தோல் பதனிடுவோர் போன்றோர் அவ்வரிசைக்கும் புறம்பே தள்ளப்பட்டனர். செல்வம் குவித்த வணிகனும் வறிய சாமுராய்க்குத் தலைவணங்க வேண்டியவனே.

இனி நம் ஊரை நோக்குவோம். குளக்கோட்டு மன்னன் கோணேசர்க்குத் திருப்பணி செய்து, சோழ நாட்டிலிருந்து குடிகளை வருவித்து, தானத்தார், வரிப்பத்தார் எனப் பணி வகுத்தான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். அவர்களிடையே எழும் வழக்குகளைத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்னும் வன்னியனை அழைத்தான் என்பதும் அந்நூற் செய்தி. பணி தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. போர்த்துக்கேயர் 1620களில் ஆலயத்தை இடித்த பின்னரும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயத்தில் அம்மரபு தொடர்ந்தது.

இவ்வமைப்பில் நன்மையே இல்லை என்போமல்லோம். ஊரார் பலர்க்கும் திருப்பணியில் ஒரு பங்கு இருந்தது. வழக்குத் தீர்க்க ஒருவன் இருந்தான். ஆயின், அவ்வன்னியனை மக்கள் தெரிந்தெடுக்கவில்லை. தன் பணியை எவனும் தானே தெரிந்துகொள்ளவுமில்லை. பழைய ஆட்சிக்கும் புதிய ஆட்சிக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாம்.

இலங்கையில் 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே அதனை எதிர்த்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. ஜப்பானிலோ ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை 1925 இல் வழங்கப்பட்டது. பெண்கள் முதன்முதல் பொதுத் தேர்தலில் வாக்களித்தது 1946 இலேயாம். இவ்வகையில் நம் தாய்மார் பதினைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டனர்.

எனினும் சட்டம் மட்டும் போதுமா? ஜப்பானில் 1871 இல் இழிகுலப் பெயர்கள் ஒழிக்கப்பட்டன. ஆயினும், அக்குலத்தார் 1922 இல் தம் மானங் காக்கச் சங்கம் அமைத்துப் போராட நேர்ந்தது. நம் நாட்டில் சாதி காரணமாக ஒருவரைக் கோயிலுட் புகவிடாது தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. பதினோராண்டுகளின் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் சிலர் உட்செல்லும் உரிமை வேண்டிப் போராட வேண்டியிருந்தது. முருகன் சந்நிதிக்கு வந்தவரைத் தடுத்தவரும் முருகனடியாரே என்பது நமக்கு நாணந் தருவதன்றோ?

வாக்குச் சாவடியில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கின்றோம். அங்கு எவரும் எவருடைய குலத்தையும் கேட்பதில்லை. அச்சமத்துவம் தேர்தல் நாளோடு முடிந்துவிடின் குடியாட்சி பெயரளவினதே. தொண்டு செய்யும் பழைய பண்பைப் போற்றுவோம். தொண்டினைப் பிறப்போடு பிணைத்த தளையை அறுப்போம். கோயில் வீதியிலும், பந்தியிலும், திருமணப் பேச்சிலும் குலம் வினவாதிருக்க இளைஞராகிய நாம் முதலிற் பழகுவோமாக.