இல்லாத கையின் வலி

கை உடையவனுக்குக் கைவலி வருதல் இயல்பு. கையே இல்லாதவனுக்குக் கைவலி வருமோ? வரும் என்பதே வைத்திய வரலாறு தரும் விடை. போரிலோ விபத்திலோ கையை இழந்தவர்களுட் பலர், அக்கை இன்னும் தம் தோளினின்று தொங்குவதாக உணர்கின்றனர். அதன் விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையிற் பதிந்து வருத்துவதாகச் சொல்லிக் கதறுவாரும் உளர். இருக்கும் கைக்கு மருந்து தடவலாம். இல்லாத கைக்கு எங்கே தடவுவது?

பிரெஞ்சு நாட்டு ரண சிகிச்சை நிபுணர் அம்புரோய்ஸ் பாரே, 16-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வேதனையைப் பற்றி எழுதிவைத்தார். ஆயினும் நெடுங்காலம் இது மனப்பிராந்தி என்றே ஒதுக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கம் இழந்த வீரர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், தாம் கண்டவற்றை 1866-இல் ஒரு சிறுகதையாக, ஆசிரியர் பெயரின்றியே வெளியிட்டார். 1871-இல்தான் தம் பெயரோடு எழுதி, ‘மாய உறுப்பு’ என்று அதற்குப் பெயர் சூட்டினார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. எஞ்சிய உறுப்பை மேலும் அறுத்துப் பார்த்தும் பலருக்கு வலி நீங்கியபாடில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்துவந்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஓர் எளிய வழியைக் கண்டார். ‘விரல்களைத் திற’ என்று மூளை கட்டளையிடுகிறது. ‘திறந்தேன்’ என்று மறுமொழி கூறக் கை இல்லை. ஆதலால் கை உறைந்துவிட்டதென மூளை முடிவு செய்கிறது என்பது அவர் கருத்து. மேல்மூடி நீக்கிய பெட்டியொன்றின் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை ஒருபுறம் நுழைத்துக் கண்ணாடியை நோக்கினால், அதன் பிம்பம் இழந்த கை இருக்கவேண்டிய இடத்திலே தோன்றும். நல்ல கை விரியும்போது இழந்த கையும் விரிவதாகக் கண் சாட்சி சொல்லும். 1996-இல் வெளியான அறிக்கையின்படி, இறுக்க வேதனை கொண்ட ஐவருள் நால்வருக்கு அது தணிந்தது. இதனையே அவர் ‘மெய்நிகர் பெட்டி’ என்றழைத்தார்.

இது வெறும் நம்பிக்கையால் விளைந்த பலனோ என்ற ஐயம் எழுவது இயற்கை. கால் இழந்த 18 பேரை மூன்று பிரிவாக்கி, அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் நான்கு வாரம் சோதித்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற அறுவருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் அமர்ந்த அறுவருள் ஒருவருக்கே குறைந்தது.

கண்ணாடிக்கும் ஓர் எல்லை உண்டு. இரு கையும் இழந்தவனுக்கு அது எதைக் காட்டும்? இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வந்தது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், எஞ்சிய தசையில் எழும் நுண்ணிய மின்னசைவுகளைப் பதிந்து, நோயாளியின் உருவத்தைக் காட்டும் திரையில் அவருக்கொரு கையை வரைந்து, அவர் நினைத்தவண்ணம் அதை அசையச் செய்தனர். இதனை ‘மிகை மெய்ம்மை’ என்பர். பிற சிகிச்சைகள் கைவிட்ட 14 பேர், 12 அமர்வுகள் பயின்றபின், ஓர் அளவையின்படி வலி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2016-இல் அறிவித்தனர். ஒப்பிட வேறு பிரிவு இல்லாத சிறு சோதனை அது. எனினும் நம்பிக்கை தருவது.

தீக்காயத்திற்கு மருந்து கட்டும் கொடிய வேளையில், நோயாளியின் கண்களுக்குப் பனியுலகம் ஒன்றைக் காட்டி, பனியுருண்டை வீசி விளையாடச் செய்து, அவர் கவனத்தை வலியினின்று திருப்பும் முறையும் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே உருவாயிற்று.

கருவிகள் இன்னும் பெருகும், விலையும் கூடும். ஆனால் இவ்வரலாற்றின் திருப்பம் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியில் நிகழ்ந்தது. ‘இல்லாத கை வலிக்கிறது’ என்றவனைப் பித்தன் எனத் தள்ளாமல், அவன் சொல்லை ஒருவர் மெய்யென ஏற்றார். அதன் பின்னரே மாயமும் மருந்தாயிற்று.