இனாமும் கூலியும்



தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறோம். தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதிப் பக்கம் ஒரு கடையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாப்பிட்டு முடிந்ததும் பில் வருகிறது. பணம் கொடுத்தபின் மீதிச் சில்லறை ஒரு தட்டில் திரும்பி வருகிறது. அப்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. "ஏதாவது வைத்துவிட்டு வாங்க" என்கிறார் வீட்டம்மா. "அவர்தான் சம்பளம் வாங்குகிறாரே, நாம் எதற்கு?" என்கிறார் வீட்டுக்காரர். "பக்கத்து மேசையில் ஐந்து வெள்ளி வைத்தார்களே" என்கிறாள் மகள்.

இந்த மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தட்டில் கிடக்கும் அந்தச் சில்லறைக்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு விடை எளிதாகிவிடும். ஆகவே இன்று அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் நம்முடைய வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களே இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். அவர்கள் கையில் யாராவது ஒரு வெள்ளியைத் திணித்தால் என்ன ஆகும்? அவமானப்படுத்திவிட்டதாக நினைப்பார்கள். சந்தையில் காய்கறி வாங்கும்போது நாம் வியாபாரிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அவர்தான் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிறார். பினாங்கின் புகழ்பெற்ற நாசி கண்டாரும் அப்படித்தான் வளர்ந்தது. கண்டார் என்ற மலாய்ச் சொல் தோளில் சுமக்கும் காவடித் தண்டைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து சென்று, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். விற்பவரே கடைக்கு முதலாளி. மனம் குளிர்ந்தால் அவரே இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றுவார்.

ஆக, நம் வழக்கத்தில் கொசுறு விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குப் போயிற்று. இனாம் அதற்கு நேர்மாறாக, வாங்குபவரிடமிருந்து பரிமாறுபவருக்குப் போகிறது. ஏன் இந்த மாற்றம்? பரிமாறுபவர் கடைக்குச் சொந்தக்காரர் அல்லர். இன்னொருவரிடம் கூலிக்கு நிற்பவர். எசமான், வேலைக்காரன் என்ற உறவு இருந்த இடத்தில்தான் இந்த இனாம் பிறந்தது.

சொற்களே இதற்குச் சாட்சி. இனாம் என்பது அரபு மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். பக்‌ஷீஸ் பாரசீக மொழியிலிருந்து வந்தது. இரண்டுமே மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதைக் குறித்தன. பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இதற்குள்ள சொற்களுக்குக் குடிப்பதற்கான காசு என்று பொருள். ரஷ்யர் இதைத் தேநீருக்கு என்றனர். மலாயில் டுயிட் கோப்பி. பினாங்குச் சீனரின் ஹொக்கியன் பேச்சில் கோப்பி லூய். எல்லாமே ஒரு வாய் குடிப்பதற்கான காசுதான். குடும்பம் நடத்துவதற்கான காசு என்று எந்த மொழியிலும் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பெரிய வீடுகளுக்கு விருந்துக்குப் போனவர்கள் புறப்படும்போது, வாசலில் வரிசையாக நிற்கும் வேலைக்காரர்களுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து விருந்துக்கே போகாதவர்களும் உண்டு. ஜோனஸ் ஹான்வே என்பவர் 1760ஆம் ஆண்டில் இதைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதி வெளியிட்டார். எசமானர்கள் சரியான சம்பளம் கொடுத்தால் வேலைக்காரர்கள் விருந்தாளியிடம் கையேந்த வேண்டியதில்லை என்ற வாதம் அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது.

அந்த வழக்கம் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1880களில், ஆர்மேனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் ஜார்ஜ் டவுன் கடற்கரையில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலை நிறுவினார்கள். சிங்கப்பூரில் 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தவர்களும் இவர்களே. அந்தக் காலத்துத் துரைமார் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் ரொக்கம் கொடுப்பதில்லை. ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள், கணக்கு மாதக் கடைசியில் தீரும். சேவகம் செய்தவர் நாற்பது வயதுக் குடும்பஸ்தராக இருந்தாலும் "பாய்" என்றே கூப்பிடுவார்கள். பாய் என்றால் பையன்! தோட்டத்துப் பங்களாவிலும் இதே கதைதான் என்பது நம் மூத்தவர்களுக்குத் தெரியும்.

இனாம் கூலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1865இல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய புல்மன் கம்பெனி, படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளை ஓட்டியது. முன்பு அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை அது சேவகர்களாக அமர்த்தியது. சம்பளமோ சொற்பம், மீதியைப் பிரயாணிகளிடம் இனாமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிரயாணிகள் அவர்கள் எல்லோரையும் "ஜார்ஜ்" என்று கம்பெனி முதலாளியின் பெயராலேயே கூப்பிட்டார்கள். சிரித்தால் காசு, முகம் வாடினால் காசில்லை என்பது அவர்களுடைய நிலை. 1909இல் வாஷிங்டன் மாநிலம் இனாம் கொடுப்பதையே சட்டத்தால் தடுத்தது. வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஆனால் கூலியை உயர்த்தாமல் இனாமை மட்டும் தடுத்தால் பயன் என்ன? 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் மறைந்துவிட்டன.

மாற்றத்தைக் கொண்டுவந்தது தொழிற்சங்கம். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் புல்மன் சேவகர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். ஆனாலும் அமெரிக்க உணவகங்களில் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே மத்திய சட்டப்படி, இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. அந்த நாட்டில் சாப்பிடுபவர் கட்டாயமாக இனாம் கொடுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இதுவே. ஊழியரின் கூலியில் ஒரு பங்கை வாடிக்கையாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய ஹோட்டல்களில் வேறு ஒரு வழி கண்டார்கள். மேசையில் விழும் காசு பரிமாறுபவருக்கு மட்டுமே கிடைக்கும். சமையற்கட்டில் வேகிறவருக்கும், படுக்கை விரிப்பவருக்கும், பாத்திரம் கழுவுபவருக்கும் அது போய்ச் சேராது. ஆகவே இனாமுக்குப் பதிலாகப் பில்லிலேயே நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்த்து, அதைப் பொதுவில் திரட்டி, ஊழியர்களுக்குப் பங்கிடுவது என்று சங்கங்களும் முதலாளிமாரும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் வேலைக்கேற்பப் புள்ளிகள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் திரண்ட சேவைக் கட்டணம் 40,000 வெள்ளி, எல்லா ஊழியருக்கும் சேர்த்து 1,000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு 40 வெள்ளி. ஐந்து புள்ளி உள்ளவருக்கு அந்த மாதம் 200 வெள்ளி சம்பளத்துக்கு மேல் கிடைக்கும்.

1973இல் பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் ராசா சாயாங் ஹோட்டல் திறக்கப்பட்டது. தொடர்ந்து பல ஹோட்டல்கள் எழுந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலை குறைந்த காலத்தில், நம் பிள்ளைகள் பலர் பட்டணத்து வேலைகளைத் தேடிப் போனார்கள். ஹோட்டல் வேலையும் அவற்றில் ஒன்று. ஆகவே இந்தப் புள்ளிக் கணக்கு நம் வீட்டுக் கணக்கும்தான்.

2013 ஜனவரி முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. தோட்டத்துக்கும் ஹோட்டலுக்கும் அதே சட்டம்தான். அப்போது சில ஹோட்டல் முதலாளிமார் ஒரு கணக்குப் போட்டார்கள். அடிப்படைச் சம்பளம் 900க்குக் குறைவாக இருந்தால், பற்றாத தொகையைச் சேவைக் கட்டணத்திலிருந்து எடுத்து நிரப்பிவிடலாம் என்றார்கள். ஊழியருக்கு 900 வெள்ளி கிடைத்துவிடுகிறதே என்பது அவர்கள் வாதம்.

ஹோட்டல், பார், உணவக ஊழியர்களின் தேசியச் சங்கம் இதை எதிர்த்தது. வாடிக்கையாளர் எங்களுக்கென்று கொடுத்த பணத்தை எடுத்து எங்களுக்கே சம்பளமாகக் கொடுப்பது எப்படி நியாயம் என்று கேட்டது. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் தொடர்பான வழக்கு, தொழில் நீதிமன்றத்தில் தொடங்கி நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் தீர்ப்பு வந்தது. சேவைக் கட்டணம் ஊழியருக்குச் சொந்தம். ஹோட்டல் அதை வசூலித்து ஊழியருக்காக வைத்திருக்கிறதே தவிர, அது ஹோட்டலின் சொந்தப் பணமன்று. குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மன்றம் கூறியது. மன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

நேயர்களே, இந்தத் தீர்ப்பின் பொருளை நம்மைவிட நன்றாக யார் உணர முடியும்? கங்காணி மனம் வைத்தால் செக்ரோலில் பேர் விழும், இல்லாவிட்டால் அரைப் பேர் என்று வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். பிறர் மனம் வைத்துக் கொடுப்பது வேறு, உரிமையாகப் பெறுவது வேறு. முன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும். பின்னதற்குக் கணக்குக் கேட்கலாம். உலகமும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பி வருகிறது. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து, இனாம் முழுவதையும் ஊழியருக்கே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. இந்தியாவில், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்த்துக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதியை டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது.

சரி, அந்தத் தட்டில் எவ்வளவு வைப்பது?

முதலில் பில்லைப் படியுங்கள். சேவைக் கட்டணம் என்று இருந்தால், உங்கள் இனாமை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். மேலும் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. சேவை வரி என்று இருப்பது வேறு. அது அரசாங்கத்துக்குப் போகிறது. பரிமாறியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. இந்த இரண்டையும் பலர் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். கோப்பிக் கடையிலும் நாசி கண்டார் கடையிலும் சேவைக் கட்டணம் இல்லாத சிறிய கடைகளிலும் இனாம் எதிர்பார்ப்பது நம் நாட்டு வழக்கமன்று. மனம் நிறைந்து கொடுக்க விரும்பினால் மீதிச் சில்லறையோ, ஒன்றிரண்டு வெள்ளியோ போதும். அதைப் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். பக்கத்து மேசையைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். நம் மடியைப் பார்த்துக் கொடுப்போம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரசாங்க அலுவலகத்தில் காரியம் நடக்கக் கொடுக்கும் காப்பிக் காசு இனாம் ஆகாது, அது லஞ்சம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

ஹோட்டலில் வேலை பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைப் புள்ளிப் பணம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா? 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது சேவைப் பணத்தைக் கலக்காமல் நிற்க வேண்டும். ஐயம் இருந்தால் சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்கலாம்.

காசு கொடுக்க முடியாத நாளிலும் ஒன்று கொடுக்க முடியும். பரிமாறுகிறவரைப் "பையா" என்று அதட்டாமல் தம்பி, தங்கச்சி, அண்ணே என்று முறை சொல்லி அழையுங்கள். அவர்களும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்.